ஒலிவாங்கியும் அதன் சாரதியும்



இலண்டனிலிருந்து தமிழில் ஒலிபரப்புவதை பி.பி.சி. 1941 ஆம் ஆண்டு தொடங்கியது. அச்சேவைக்குத் "தமிழோசை" எனப் பெயரிட்டவர் யாழ்ப்பாணத்தவரான சோ. சிவபாதசுந்தரம் ஆவார். இலங்கை வானொலியிலும் பணியாற்றி, "ஒலிபரப்புக் கலை" என்னும் நூலையும் எழுதியவர் அவர். அக்காலத்தில் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து தமிழ் பேசும் வாய்ப்பு மிகச் சிலருக்கே கிடைத்தது. அவர்கள் பேசும்போது கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஒருவர் அமர்ந்து, குரல் வருகின்றதா, மிகுகின்றதா, குறைகின்றதா எனக் கவனித்துக்கொண்டிருப்பார். இன்று எமது வீடுகளில் எட்டு வயதுப் பிள்ளையும் ஒலிவாங்கியின் முன் அமர்கின்றது. கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர்தாம் இல்லை. அவருடைய வேலையைத் தாயும் தந்தையும் பிள்ளையும் சேர்ந்து செய்ய வேண்டியிருக்கின்றது. அதற்கு வேண்டிய அறிவை இயன்றவரை எளிமையாகத் தருவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2020 மார்ச் மாதத்தில் இந்நாட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டபோது வார இறுதித் தமிழ் வகுப்புகளும் கணனித் திரைக்குள் குடிபுகுந்தன. கதவுகள் மீண்டும் திறந்த பின்னரும் ஒலிவாங்கிக்கு ஓய்வு கிடைக்கவில்லை. பேச்சுப் போட்டிக்கான பயிற்சி, நோயுற்று வராத பிள்ளைக்கான பாடம், ஊரிலுள்ள அம்மம்மாவுடன் ஞாயிறு தோறும் நடக்கும் உரையாடல் எனப் பல தேவைகள் உள. இங்கே ஆசிரியர் என்ற முறையில் நான் அடிக்கடி காணும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிள்ளை "வணக்கம்" எனத் தொடங்கும். மறுமுனையில் "கேட்கவில்லை" என்பார்கள். மீண்டும் தொடங்கும். மீண்டும் "கேட்கவில்லை." மூன்றாம் முறை அப்பிள்ளை வாய் திறவாது. ஆங்கிலத்தில் இவ்வாறு நேர்ந்தால் அது பொருட்படுத்தாது, ஏனெனில் அம்மொழி தனக்கு வரும் என்பது அதற்குத் தெரியும். தமிழில் நேர்ந்தாலோ தன் உச்சரிப்பே பிழையென எண்ணிவிடும். "சத்தமாய்க் கதை" என்று அருகிலிருப்போர் அதட்டவும் செய்வர். பழுது ஒரு கம்பியிலோ ஒரு சிறு மென்பொருளிலோ இருக்க, தண்டனை பிள்ளையின் நாவுக்குக் கிடைக்கின்றது. ஆகவே கணனியைச் சோதிக்கும் முன் பிள்ளையைக் குற்றஞ்சாட்டாதிருப்போம்.

குரல் செல்லும் வழியை முதலில் விளங்கிக்கொள்வோம். நாம் பேசும்போது காற்று அதிர்கின்றது. அவ்வதிர்வை ஒலிவாங்கியிலுள்ள மெல்லிய தகடு ஏற்று மின்னலையாக மாற்றுகின்றது. கணனியின் ஒலிப்பகுதி அம்மின்னலையைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் அளந்து எண்களாக்குகின்றது. பழைய தொலைபேசி இலக்க முறையில் செக்கனுக்கு 8,000 தடவை அளந்தார்கள். இசைத்தட்டுக்கு 44,100 தடவை. இன்றைய கணனிகளிற் பல 48,000 தடவை அளக்கின்றன. அளக்கும் எண்ணிக்கையின் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்களை அம்முறையாற் பிடிக்க முடியாது என்பது விதி. எனவே 8,000 தடவை அளந்தால் 4,000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகள் தொலைந்துவிடும். "சோறு" என்று நாம் சொல்லும்போது முதலெழுத்தில் எழும் சீறலொலியின் பெரும்பகுதி அந்த எல்லைக்கு மேலேதான் இருக்கின்றது. தொலைபேசியில் அது மங்கிக் கேட்பதற்குக் காரணம் இதுவே. ஆனால் ல, ள, ழ ஆகிய மூன்றையும் வேறுபடுத்தும் ஒலிக்கூறுகள் பெரும்பாலும் அவ்வெல்லைக்குள் அடங்குவன. ஆதலால் "கணனி என் ழகரத்தைக் கெடுத்துவிட்டது" என்னும் சாக்கினை எந்த மாணவரும் சொல்ல முடியாது!

எண்களான பின் குரலை ஏற்றிச் செல்ல ஒருவர் வேண்டும். கணனியின் இயங்குதளத்துக்கு ஒலிக்கருவியின் மொழி தெரியாது. கருவிக்கும் இயங்குதளத்தின் மொழி தெரியாது. இருவருக்குமிடையே நின்று வேலை செய்யும் சிறு மென்பொருளை ஆங்கிலத்தில் டிரைவர் என்பர். தமிழகத்தில் "இயக்கி" என்கின்றனர். ஊரில் பேருந்து ஓட்டுபவரைச் சாரதி என்று அழைத்துப் பழகிய எமக்குச் "சாரதி" என்பதே மனத்தில் நிற்கும். வண்டி புதிதாயிருந்தும் சாரதி இல்லையேல் அது நகராது. வேறு வண்டிக்குப் பழகிய சாரதி ஏறினால் உறுமும், ஓடாது.

இச்சாரதியின் வரலாறு சுவையானது. 1981 இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணனியில் ஒலி என்று இருந்தது ஒரு சிறு "பீப்" மட்டுமே. சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ என்பவரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989 இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் என்னும் ஒலியட்டை அந்நிலையைப் பெரிதும் மாற்றியது. தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட நாட்டிலிருந்து அது வந்தது என்பது எமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. அக்காலத்தில் ஒவ்வோர் அட்டைக்கும் ஓர் அழைப்பு இலக்கத்தைக் கையால் ஒதுக்க வேண்டும். அச்சுப்பொறிக்கும் ஒலியட்டைக்கும் ஒரே இலக்கம் அமைந்துவிட்டால் இரண்டும் மோதிக்கொள்ளும். 1995 இல் வந்த விண்டோஸ் அவ்வேலையைத் தானே செய்ய முற்பட்டது. பின்னர் 2007 இல் விஸ்டா விற்பனைக்கு வந்தபோது ஒலிப்பகுதி முழுவதும் புதிதாக எழுதப்பட்டிருந்தமையாற் பழைய சாரதிகள் பல பயனற்றுப் போயின. அட்டை நன்றாயிருந்தும் ஓட்டுவாரில்லை. இயங்குதளம் மாறும் ஒவ்வொரு முறையும் இத்தொல்லை சிறிதளவேனும் திரும்பவும் தலைகாட்டும். விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதி முடிந்தது. பழைய கணனியைப் பதினொன்றுக்கு மாற்றுவோர் இதனை நினைவிற் கொள்க.

இனிச் சோதனைக்கு வருவோம். பலர் எடுத்த எடுப்பிலேயே சாரதியை அழித்துப் புதிதாக ஏற்ற முனைகின்றனர். இது தவறான ஒழுங்கு. வழியை இரண்டாகப் பிளந்து, பழுது எந்தப் பாதியில் உள்ளது எனக் காண்பதே முறை. வகுப்பு மென்பொருளை மூடுங்கள். கணனியோடு வரும் சவுண்ட் ரெக்கோடரைத் திறந்து, பிள்ளையைப் பத்துச் செக்கன் பேசவைத்துப் பதிவு செய்து, திருப்பிக் கேளுங்கள். குரல் கேட்டால் ஒலிவாங்கியும் கம்பியும் சாரதியும் நலமே. பழுது வகுப்பு மென்பொருளில் அல்லது இணைய உலாவியில் உள்ளது. கேட்காவிட்டால் மென்பொருளை விட்டுவிட்டுக் கணனியைப் பாருங்கள். இந்த ஒரு சோதனை அரைமணி நேரத் தடுமாற்றத்தைத் தவிர்க்கும்.

பதிவில் குரல் இல்லையென்றால் முதலிற் கண்ணால் பாருங்கள். ஹெட்செற்றின் கம்பியில் ஒரு சிறு ஆழி இருக்கும். அது அமத்தப்பட்டிருக்கலாம். சில மடிக்கணனிகளின் விசைப்பலகையில் ஒலிவாங்கியை மூடும் விசையும் உண்டு. அடுத்து பிளக்கைப் பாருங்கள். அதன் உலோகத் தண்டில் இரண்டு வளையங்கள் மாத்திரம் இருந்தால் அது கேட்பதற்கு மட்டுமோ பேசுவதற்கு மட்டுமோ உரியது. மூன்று வளையங்கள் இருந்தால் இரண்டுக்கும் உரியது. பழைய மேசைக் கணனிகளில் பேசுவதற்கு இளஞ்சிவப்புத் துளையும் கேட்பதற்குப் பச்சைத் துளையும் தனித்தனியே உண்டு. இன்றைய மடிக்கணனிகளிற் பெரும்பாலும் ஒரே துளைதான். இரண்டு பிளக் கொண்ட ஹெட்செற்றை அத்துளையில் நேரே செருகினால் வேலை செய்யாது. இரண்டையும் ஒன்றாக்கும் சிறு இணைப்பான் வேண்டும். விலை அதிகமில்லை. புதிய ஹெட்செற் வாங்க ஓடுமுன் இதனைப் பாருங்கள்.

கம்பி சரியாயின் திரையின் கீழ் மூலையிலுள்ள ஒலிபெருக்கிப் படத்தை வலப்பக்கச் சொடுக்கால் திறந்து, ஒலி அமைப்புகளில் "இன்புற்" என்னும் பகுதிக்குச் செல்லுங்கள். ஒரு கணனியில் மூன்று ஒலிவாங்கிகள் இருக்கக்கூடும்: மடிக்கணனியின் உள்ளே ஒன்று, படக்கருவியில் ஒன்று, ஹெட்செற்றில் ஒன்று. பிள்ளை ஒன்றில் பேச, கணனி வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருக்கும். சரியானதைத் தெரிவு செய்து பேசினால் அங்குள்ள கோடு அசையும். பின்னர் பிரைவசி என்னும் பகுதியில் ஒலிவாங்கிக்கு அனுமதி உண்டா எனப் பாருங்கள். அங்கே கணனி முழுமைக்கும் ஓர் அனுமதி, மென்பொருள்களுக்கு ஓர் அனுமதி என இரண்டு கதவுகள் உள. உலாவியில் வகுப்பு நடந்தால் அவ்வுலாவியும் தனியே அனுமதி கேட்கும். அவசரத்தில் ஒரு முறை "வேண்டாம்" என்று சொடுக்கிவிட்டால், அதை அது நினைவில் வைத்துக்கொண்டு மறுபடி கேட்காமலேயே மறுக்கும். முகவரிக்கு அருகிலுள்ள சிறு படத்தைச் சொடுக்கி அதனைத் திருத்தலாம்.

இவையனைத்தும் சரியாயிருந்தும் கோடு அசையவில்லையெனில் இப்போதுதான் சாரதியின் முறை. டிவைஸ் மனேஜரைத் திறந்தால் கருவிகளின் பட்டியல் தெரியும். ஒலிக்கருவியின் அருகில் மஞ்சள் முக்கோணம் இருந்தால் அங்கேதான் பழுது. இயங்குதளம் புதுப்பிக்கப்பட்ட மறுநாள் தொடங்கிய தொல்லையாயின், அக்கருவியின் பண்புகளில் முன்னைய சாரதிக்குத் திரும்பும் வசதி சில வேளைகளில் கிடைக்கும். இல்லையேல் கருவியைப் பட்டியலிலிருந்து நீக்கிக் கணனியை மீளத் தொடக்கினால் விண்டோஸ் தானே ஒரு சாரதியை அமர்த்தும். அதுவும் பொருந்தாவிடின் மடிக்கணனியின் அடிப்பக்கத்திலுள்ள மாதிரி இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, அதனைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மாத்திரம் சாரதியைப் பெறுங்கள். "உங்கள் சாரதிகள் அனைத்தும் பழையன, பணம் கட்டினால் திருத்துவோம்" என்று வரும் விளம்பரங்களை நம்பற்க. ஒரு ஒலிவாங்கிக்காக வீட்டுக் கணனியையே அந்நியரிடம் ஒப்படைப்பதாகும்.

கம்பியில்லாத புளூரூத் ஹெட்செற் வைத்திருப்போருக்கு ஒரு சொல். இசை கேட்கும்போது தெளிவாயிருந்தது, வகுப்புத் தொடங்கியதும் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போலாகும். இது பழுதன்று. பேசவும் கேட்கவும் ஒரே வேளையில் வழி வேண்டுமாதலால் பழைய புளூரூத் முறை தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடுகின்றது. தமிழ் வகுப்புக்குக் கம்பியுள்ள ஹெட்செற்றே மேல் என்பது என் எண்ணம்.

இறுதியாக, எமது பண்ணிசை, மிருதங்க வகுப்புகளுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. கூட்ட மென்பொருள்கள் மனிதப் பேச்சை வைத்துக்கொண்டு ஏனைய ஒலிகளை இரைச்சலெனக் களைய அமைக்கப்பட்டவை. விட்டுவிடாது ஒலிக்கும் சுருதியை அவை மின்விசிறியின் ஓசை என எண்ணி விழுங்கிவிடும். மிருதங்கத்தின் அடிகளும் தேய்ந்து போகும். ஆசிரியரோ "சுருதி எங்கே?" என்பார். சூம் மென்பொருளில் இசைக்கலைஞருக்கென மூல ஒலியை மாற்றாது அனுப்பும் தெரிவு ஒன்று உண்டு. அதனைத் திறந்துவிட்டு, கூட எதிரொலி எழாதவாறு ஹெட்செற் அணிந்துகொண்டால் சுருதி திரும்பி வரும்.

ஆனால் எந்தத் தெரிவாலும் தீராதது ஒன்றுண்டு. அது சேர்ந்து பாடுதல். குரல் இணையத்தின் வழியே மறுவீடு சேர ஒரு செக்கனின் ஏழிலொரு பங்கு தாமதிக்கின்றது என்று கொள்வோம். காற்றில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 343 மீற்றர் செல்லும். ஆகவே அத்தாமதம், ஐம்பது மீற்றர் தள்ளி விளையாட்டு மைதானத்தின் மறுகோடியில் நிற்பவரோடு சேர்ந்து தேவாரம் பாடுவதற்கு ஒப்பாகும். பன்னிரண்டு வீடுகளுக்குப் பன்னிரண்டு விதமான தாமதம். எனவே இணைய வகுப்பில் ஒருவர் மட்டும் ஒலிவாங்கியைத் திறந்து ஓர் அடியைப் பாடட்டும். ஏனையோர் தத்தம் ஒலிவாங்கியை மூடிவிட்டு, அவ்வடியைத் தம் வீட்டில் உரக்கப் பாடட்டும். அவ்வேளையில் அக்குரல் ஆசிரியருக்குக் கேட்காது. பெற்றோர் ஒருவர் அருகிலிருந்து கேட்க வேண்டும்.