‘ஆறாப்புதானே’ என்று விடலாமா?

கான்சாபுரம், கூமாப்பட்டி, வத்திராயிருப்பு வட்டாரத்தில் ஜூன் பிறந்தால், அஞ்சாம் வகுப்பு முடித்த பிள்ளையைப் பற்றிய பேச்சும் பிறந்துவிடும். அந்தப் பேச்சில் அடிக்கடி காதில் விழும் நான்கு நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: எட்டு வரைக்கும் ஃபெயில் இல்லை. ஒன்பதாவதில் பார்த்துக்கொள்ளலாம்.

உண்மை: ஃபெயில் இல்லை என்பது சரிதான். 5, 8 வகுப்புகளுக்கு அறிவித்த பொதுத்தேர்வையும் தமிழக அரசு 2020 பிப்ரவரியில் கைவிட்டது. ஆனால் வகுப்பில் தேறுவது வேறு, பாடத்தில் தேறுவது வேறு. 2018-ல் வந்த ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில், முதல் பருவத்திலேயே இயற்கணிதம் அறிமுகமாகிறது. எண் நின்ற இடத்தில் எழுத்து வந்து நிற்கிறது. மூன்றாம் பருவத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழே உள்ள எண்கள் வருகின்றன. பத்தாம் வகுப்புச் சமன்பாடுகளுக்கு இவைதான் அஸ்திவாரம். இங்கே புரியாமல் விட்டதை ஒன்பதாவதில் யாரும் முதலிலிருந்து சொல்லித்தர மாட்டார்கள்.

நம்பிக்கை 2: புத்தகப் படிப்பு நம்ம ஊர்ப் பிழைப்புக்கு உதவாது.

உண்மை: அறிவியலில் ‘அன்றாட வாழ்வில் வேதியியல்’ என்ற பாடம் சோப்பு, உரம், சிமென்ட் பற்றிச் சொல்கிறது. கணக்கில் சுற்றளவும் பரப்பளவும் வருகின்றன. தென்னந்தோப்புக்கு எவ்வளவு வேலிக்கம்பி வேண்டும் என்பதற்குச் சுற்றளவுதான் விடை. குடிமையியல் உள்ளாட்சியைப் பேசுகிறது; பிள்ளையைக் கிராம சபைக்கு அழைத்துப் போனால் அந்தப் பாடம் கண்முன் நடக்கும். தமிழில் ‘சிறகின் ஓசை’ பறவைகளின் வலசையைச் சொல்கிறது. சாம்பல் நிற அணில்கள் வாழும், 2021-ல் புலிகள் காப்பகமான மலைக்கு அடிவாரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான பாடம் ஏது?

நம்பிக்கை 3: முழு ஆண்டுத் தேர்வுக்கு முன்னால் உட்கார்ந்து படித்தால் போதும்.

உண்மை: 2012-13 முதல் முப்பருவ முறை வந்துவிட்டது. ஒவ்வொரு பருவத்துக்கும் தனிப் புத்தகம், தனித் தேர்வு. தேர்வுக்கு 60 மதிப்பெண்; செயல்பாடு, சிறுதேர்வு போன்றவற்றுக்கு 40. அந்த நாற்பதைக் கடைசி வாரப் படிப்பில் எடுக்க முடியாது; தினமும் வகுப்பில் இருந்தால்தான் கிடைக்கும். தோப்பு வேலைக்கும் விசேஷத்துக்கும் பிள்ளையை நிறுத்திவைக்கும் பெற்றோர் இதை நினைக்க வேண்டும்.

நம்பிக்கை 4: இப்போது எங்கே படித்தால் என்ன? பிறகு அரசுப் பள்ளிக்கு மாறினால் சலுகை கிடைத்துவிடும்.

உண்மை: கணக்குத் தொடங்குவதே ஆறாம் வகுப்பில்தான். மருத்துவப் படிப்பில் 2020-ல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு, ஒன்பது முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. கல்லூரி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் (2022), மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024) ஆறிலிருந்தே கணக்குப் பார்க்கின்றன. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் இந்த இரண்டிலும் சேர்வார்கள். மருத்துவ இடத்துக்கு அப்படியில்லை. பள்ளியை முடிவு செய்யும் முன் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

படிக்காத பெற்றோரும் ஒன்று செய்யலாம். “இன்னைக்கு என்ன நடத்துனாங்க, எனக்குச் சொல்லு” என்று தினமும் கேளுங்கள். புரிந்த பிள்ளை சொல்லும். திணறினால் மறுநாளே ஆசிரியரைப் பாருங்கள். ஆறாம் வகுப்பில் விழுந்த இடைவெளியை ஆறாம் வகுப்பிலேயே அடைத்துவிடலாம்.