வங்கி பதில் சொல்லவில்லையா? முப்பது நாள் கணக்கை இன்றே தொடங்குங்கள்

சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் ஒரு ஏ.டி.எம்.மில் பத்தாயிரம் ரூபாய் எடுக்கப் போகிறீர்கள். இயந்திரம் கடகடவென்று சத்தம் போடுகிறது, பணம் வரவில்லை. ஆனால் கணக்கில் கழிந்துவிட்டதாக போனுக்குக் குறுஞ்செய்தி வருகிறது. மறுநாள் கிளைக்குப் போனால், "ரெண்டு நாள்ல வந்துடும் சார், போயிட்டு வாங்க" என்கிறார்கள். நீங்களும் வந்துவிடுகிறீர்கள். பத்து நாள் கழித்துப் போனால் அந்தக் கவுன்டரில் வேறு ஒருவர் இருக்கிறார். அவருக்கு எதுவும் தெரியாது.

இதில் நீங்கள் இழந்தது பத்து நாள் மட்டும் இல்லை. சட்டப்படி உங்கள் புகார் இன்னும் பிறக்கவே இல்லை. வாயால் சொன்னது புகார் ஆகாது. வங்கிக்கு எழுத்தில் கொடுத்த தேதியிலிருந்துதான் எல்லாக் கணக்கும் ஓடுகிறது. எனவே கிளையில் கடிதம் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். இல்லையென்றால் வங்கியின் செயலியிலோ மின்னஞ்சலிலோ போட்டுப் புகார் எண் வாங்குங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது.

கடிதம் பெரிதாக இருக்க வேண்டாம். இவ்வளவு போதும்:

"கிளை மேலாளர் அவர்களுக்கு. என் சேமிப்புக் கணக்கின் கடைசி நான்கு இலக்கம் இது. இந்தத் தேதி, இந்த நேரத்தில், சத்திரம் பேருந்து நிலையம் அருகிலுள்ள ஏ.டி.எம்.மில் 10,000 ரூபாய் எடுக்க முயன்றேன். பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துள்ளது. குறுஞ்செய்தி நகல் இணைத்துள்ளேன். இயந்திரப் பதிவையும் கேமரா பதிவையும் அழியாமல் பாதுகாக்கக் கேட்டுக்கொள்கிறேன். தொகையையும், ரிசர்வ் வங்கியின் 20.9.2019 சுற்றறிக்கைப்படி தாமத இழப்பீட்டையும் வரவு வைத்து, புகார் எண்ணுடன் ஒப்புகை தரவும்."

அந்தச் சுற்றறிக்கை என்ன சொல்கிறது? ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கழிந்தால், நடந்த நாளுக்குப் பிறகு 5 நாளுக்குள் வங்கி தானாகவே திருப்பி வரவு வைக்க வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் சேர்த்துத் தர வேண்டும். யு.பி.ஐ.யில் ஒருவருக்கு அனுப்பிய பணம் அவருக்குப் போகாமல் உங்களிடம் மட்டும் கழிந்திருந்தால் கெடு ஒரே நாள். கடைக்காரருக்கு அனுப்பியதில் 5 நாள். இந்த நூறு ரூபாயை நீங்கள் கேட்காமலேயே தர வேண்டும் என்பதுதான் விதி. கேட்டால்தான் கிடைக்கும் என்பது பல நேரம் நடைமுறை. அதனால் கேளுங்கள். இன்னொன்று: ஏ.டி.எம். எந்த வங்கியுடையது என்பது உங்கள் கவலை இல்லை. கார்டு கொடுத்த உங்கள் வங்கியிடம்தான் புகார் போட வேண்டும்.

நீங்கள் செய்யாத பரிவர்த்தனை என்றால்

இங்கே நாள் கணக்கு இன்னும் கறாரானது. முதலில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். போன பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்த முடிந்தால் அதுவே பெரிய லாபம். கூடவே வங்கிக்கும் சொல்லிக் கணக்கை முடக்குங்கள். ஒன்றைச் செய்துவிட்டு மற்றொன்றை நாளைக்கு வைக்காதீர்கள். 1930-க்குச் சொன்னது வங்கிக்குச் சொன்னதாக ஆகாது.

ரிசர்வ் வங்கியின் 6.7.2017 சுற்றறிக்கை இதில் உங்களுக்குக் கேடயம். தவறு வங்கியுடையது என்றால் உங்களுக்குப் பொறுப்பு பூஜ்யம். தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, நடுவில் வேறெங்கோ என்றால், தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொன்னால் அப்போதும் பூஜ்யம். 4 முதல் 7 வேலை நாள் ஆகிவிட்டால், சாதாரண சேமிப்புக் கணக்கில் உங்கள் தலையில் விழுவது அதிகபட்சம் 10,000 ரூபாய். குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைக் கணக்கில் 5,000 ரூபாய். ஏழு நாளும் தாண்டினால் வங்கியின் சொந்தக் கொள்கை என்ன சொல்கிறதோ அதுதான். நீங்கள் சொன்ன 10 வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

வேலை நாள் கணக்கில் திருச்சிக்காரர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். செய்தி வந்த நாள் கணக்கில் வராது; ஞாயிறும், இரண்டாம், நான்காம் சனியும் வராது. ஆனால் வைகுண்ட ஏகாதசிக்கு மாவட்ட ஆட்சியர் விடும் உள்ளூர் விடுமுறை, செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வருவதில்லை. ஊரே ஸ்ரீரங்கம் கோயில் வரிசையில் நின்றாலும் வங்கிக்கு அன்று வேலை நாள்தான். சொர்க்கவாசல் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மூன்றில் ஒரு நாள் போச்சு.

"ஓ.டி.பி. நீங்களே சொல்லிட்டீங்க, இனி ஒன்னும் பண்ண முடியாது" என்று கிளையில் சொன்னால் அதோடு திரும்பி வந்துவிட வேண்டாம். நீங்களே ரகசிய எண்ணைக் கொடுத்திருந்தால் புகார் செய்யும் வரை ஆன நஷ்டம் உங்களுடையது, உண்மைதான். ஆனால் புகாருக்குப் பிறகு போன பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. மேலும், தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டிய கடமையும் வங்கியுடையது. அசாமில் ஒரு வாடிக்கையாளர் இணையத்தில் வாங்கிய உடையைத் திருப்பிக் கொடுக்க முயன்றபோது, கடையின் வாடிக்கையாளர் சேவை என்று பேசிய மோசடிக்காரர் ஒரு செயலியை இறக்க வைத்து 94,204 ரூபாயை எடுத்துவிட்டார். அவர் 24 மணி நேரத்துக்குள் வங்கிக்குத் தெரிவித்திருந்தார். பாரத ஸ்டேட் வங்கி பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற கவுகாத்தி உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2025 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. உடனே சொன்னதுதான் அவருக்குக் கைகொடுத்தது.

முப்பது நாள் முடிந்தபின்

எழுத்துப் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பர் 12 முதல் நாடு முழுக்க ஒரே திட்டம். எந்த ஊர் அலுவலகம் என்று தேட வேண்டாம். ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். தளத்தில் உங்கள் போனிலிருந்தே பதியலாம். கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448, தமிழிலும் பேசலாம். தாளில் எழுதி அனுப்புவோருக்குச் சண்டிகரில் ஒரு மையம் இருக்கிறது. கையில் போன் இருக்கும்போது தளமே சுலபம்.

பதியும்போது வங்கிக்குப் புகார் கொடுத்த தேதியைக் கேட்கும். முதலில் சொன்ன அந்த முத்திரை இங்கேதான் வேலை செய்யும். வங்கியிடம் போகாமல் நேரே இங்கு வந்தாலோ, 30 நாள் முடியும் முன் வந்தாலோ, மனு ஏற்கப்படாது. வங்கி பதில் தந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வர வேண்டும். பதிலே வரவில்லையென்றால் புகார் கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடமும் 30 நாளும். வழக்கறிஞர் மூலம் போட முடியாது. நீங்களே போட வேண்டும். அல்லது வழக்கறிஞர் அல்லாத ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கலாம். மகனோ மகளோ செய்து தரலாம்.

2021 திட்டப்படி நஷ்டத்துக்கு 20 லட்சம் வரையும், அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் ஒரு லட்சம் வரையும் இழப்பீடு உத்தரவிட முடியும். இந்த வரம்புகள் அவ்வப்போது திருத்தப்படுபவை என்பதால் பதியும் நாளில் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கடன் தர மறுத்தார்கள் என்பது போன்ற வங்கியின் வியாபார முடிவுகளில் குறைதீர்ப்பாளர் தலையிட மாட்டார். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் வங்கி அல்ல. மணச்சநல்லூர், லால்குடி பக்கத்து விவசாயிகள் சங்கத்தின் மீதான குறையைக் கூட்டுறவுத் துறையின் துணைப் பதிவாளரிடம்தான் கொண்டு போக வேண்டும்.

நுகர்வோர் ஆணையமா, குறைதீர்ப்பாளரா?

வரிசை மாறினால் ஒரு வழி அடைபடும் என்பதால் இதை நிதானமாகப் படியுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டு அதே விஷயத்துக்குக் குறைதீர்ப்பாளரிடம் போக முடியாது. முதலில் குறைதீர்ப்பாளர், அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் ஆணையம் என்று போகலாம். அவர் தந்த தீர்ப்பை ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இல்லை. ஏற்பதானால் 30 நாளுக்குள் ஏற்புக் கடிதம் தர வேண்டும். தராவிட்டால் அந்தத் தீர்ப்பு காலாவதியாகிவிடும்.

சின்னத் தொகை, ஆவணம் தெளிவாக இருக்கிறது, சாட்சி விசாரணை வேண்டாம் என்றால் குறைதீர்ப்பாளரே போதும் என்பது என் கருத்து. பெரிய நஷ்டம், வங்கி ஒன்று சொல்ல நீங்கள் ஒன்று சொல்லும் நிலை என்றால் ஆணையத்துக்குத் தயாராகுங்கள். அதற்குக் காலவரம்பு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடம். குறைதீர்ப்பாளரிடம் மனு இருக்கிறதே என்று இந்த இரண்டு வருடத்தை மறந்துவிடாதீர்கள். அது ஒருபக்கம் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு நடப்பதே பாதுகாப்பு.

2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நமக்கு ஒரு பெரிய வசதி தந்திருக்கிறது. வங்கியின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஸ்ரீரங்கத்தில் இருப்பவருக்குத் திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான். சேவைக்காக நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, அதற்கு மேல் 50 லட்சம் வரை 1,000. இ-ஜாக்ரிதி தளத்தில் போனிலேயே பதியலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் மனு போட வேண்டும், கூடுதலாக 15 நாள் தரலாம். 45 நாளைத் தாண்டி ஆணையம் அவகாசம் தர முடியாது என்று 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. எனவே வாய்தா வாய்தாவாக இழுப்பதைப் பார்த்தால் தேதியை எண்ணி ஆணையத்தின் கவனத்துக்குக் கொண்டு வாருங்கள்.

வழக்கறிஞர் வேண்டும், கட்ட வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அழைக்க 15100. நுகர்வோர் விஷயத்தில் ஆலோசனை மட்டும் வேண்டுமானால் 1915.

லாக்கர்

2019 ஜனவரி கடைசியில் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், நம்பர் 1 டோல்கேட்டில் உள்ள பஞ்சாப் நேஷனல் வங்கிக் கிளையில் வார விடுமுறையில் சுவரைத் துளைத்துப் புகுந்தவர்கள் லாக்கர்களை உடைத்தது பலருக்கு நினைவிருக்கும். அப்போது எல்லோரும் கேட்ட கேள்வி: உள்ளே என்ன இருந்தது என்று வங்கிக்கே தெரியாதே, யார் பொறுப்பு?

2021 பிப்ரவரி 19 அன்று ஒரு கொல்கத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி திறந்தது. வாடகை கட்டியிருந்தும் லாக்கரை உடைத்த வங்கி, 5 லட்சம் இழப்பீடும் ஒரு லட்சம் செலவுத் தொகையும் தர வேண்டும் என்றது. உள்ளே இருந்த நகையின் மதிப்பை நிரூபிக்க உரிமையியல் நீதிமன்றம் போகலாம் என்றும், ஆறு மாதத்தில் லாக்கர் விதிகள் வகுக்க வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கிக்குச் சொன்னது. அதன்படி வந்த விதிகள் 2022 ஜனவரி 1 முதல் அமலில் உள்ளன. தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றில் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரை. வாடகை 3,000 என்றால் 3 லட்சம். ஐம்பது பவுன் வைத்திருப்பவருக்கு இது போதாது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். தனியாகக் காப்பீடு எடுப்பதை யோசியுங்கள். இயற்கைச் சீற்றத்துக்கு இந்தப் பொறுப்பு இல்லை. லாக்கர் திறக்கப்பட்டால் அன்றைக்குள்ளேயே உங்களுக்குக் குறுஞ்செய்தி வர வேண்டும். வருகிறதா என்று அடுத்த முறை பாருங்கள். வரவில்லையென்றால் போன் எண் பதிவில் இல்லை என்று அர்த்தம்.

இன்னும் சில, சுருக்கமாக

வீட்டுக் கடனை முழுக்கக் கட்டி முடித்தால் 30 நாளில் பத்திரம் கைக்கு வர வேண்டும். 2023 டிசம்பர் 1-க்குப் பிறகான கணக்குகளில் வங்கியால் ஏற்படும் தாமதத்துக்கு நாளுக்கு 5,000 ரூபாய். பொன்மலை ரயில்வே ஓய்வூதியர்கள் போல வங்கி வழியாக மத்திய அரசு ஓய்வூதியம் வாங்குவோருக்கு வங்கி தாமதித்தால் ஆண்டுக்கு 8 சதவீத வட்டி. கடன் வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. அழைத்தால் அழைப்புப் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டே ஆதாரம்.

வைப்பு நிதி போடப் போன பெரியவர்களிடம் "இதுல வட்டி ஜாஸ்தி மாமா" என்று காப்பீட்டுப் பாலிசியில் கையெழுத்து வாங்குவது உத்தர வீதியிலும் நடக்கிறது, தில்லைநகரிலும் நடக்கிறது. பாலிசி ஆவணம் கைக்கு வந்த 30 நாளுக்குள் காரணம் எதுவும் சொல்லாமலே அதைத் திருப்பிக் கொடுக்கலாம். சிறு பிடித்தங்கள் போகப் பணம் வந்துவிடும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த வாரமே அவர்கள் பையைத் திறந்து, அது வைப்பு நிதி ரசீதா, பாலிசியா என்று பார்த்துவிடுங்கள்.