திறந்தவெளி விழாவில் ஒலி: கூம்பா, பெட்டியா, சப்-ஊஃபரா?

நம் சங்க விழாக்களில் தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் முன்னதாக ஒலிப்பது "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்பதுதான். சமையல்காரரிடம் பத்துக் கேள்வி கேட்கும் விழாக் குழுவினர், மைக் செட்காரரிடம் "எவ்வளவு ஆகும்?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவரும் வண்டியில் இருப்பதைக் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார். மண்டபத்துக்குள் என்றால் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்பி ஓரளவு காப்பாற்றும். வாஷியில் ஏதாவது ஒரு செக்டார் மைதானத்தில் பொங்கல் விழா வைத்தாலோ, கடைசி வரிசையில் அமர்ந்த பெரியவருக்குப் பட்டிமன்றத்தில் ஒரு சொல்லும் விளங்குவதில்லை. ஆனால் எதிர்க் கட்டடத்து ஜன்னல் கண்ணாடி மட்டும் அதிர்கிறது! இவ்விரண்டும் ஒரே சமயத்தில் எப்படி நடக்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால், எந்த ஒலிபெருக்கியை வாடகைக்கு எடுப்பது என்பதும் புரிந்துவிடும்.

ஒலி என்பது காற்றின் அதிர்வு. விநாடிக்கு எத்தனை அதிர்வு என்பதை ஹெர்ட்ஸ் என்ற அலகால் குறிக்கிறோம். ஆண்குரலின் அடிப்படை அதிர்வு 100 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். ஆனால் சொல் விளங்குவதற்கு முக்கியமானது அதுவன்று. 'பல்' என்பதையும் 'கல்' என்பதையும் பிரித்துக் காட்டும் அதிர்வுகள் பெரும்பாலும் 500 முதல் 4,000 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். பழைய தொலைபேசி 300 முதல் 3,400 வரைதான் அனுப்பியது. எஸ்.டி.டி. பூத்தில் நின்று ஊரிலிருந்த அம்மாவோடு பேசிய காலத்தில் நமக்கு எந்தச் சொல்லாவது தப்பியதுண்டா? 100 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்குக் கீழும் இருப்பது தாளத்தின் கனம். தவிலின் தொப்பி, மெல்லிசைக் குழுவின் பேஸ் கிட்டார், காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம் ஆகியவை அங்கேதான் வாழ்கின்றன.

இனி ஒலிபெருக்கிகளுக்கு வருவோம். கூம்பு ஒலிபெருக்கியை நம் ஊர்க் கோயில் கொடை நாள்களிலிருந்தே அறிவோம். அமெரிக்காவில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதம் என்ற இருவர் 1915-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் பெருங்கூட்டத்துக்குக் கேட்கும்படி கூம்பு வைத்த ஒலிபெருக்கியை இயக்கிக் காட்டினர். அதன் பலம் சிக்கனம். ஒரு வாட் மின்திறனுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் நல்ல கூம்பு 105 டெசிபலுக்கு மேல் தரும். சாதாரணப் பெட்டி 97 அளவில் நிற்கும். பத்து டெசிபல் வித்தியாசத்தைப் பெட்டியில் ஈடுகட்டப் பத்து மடங்கு மின்திறன் வேண்டும். கூம்பின் குறை, ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது ஊமை என்பது. அறிவிப்புக்குச் சரி; நாதஸ்வரமும் கேட்கும்; தவில் மட்டும் தகர டப்பாவைத் தட்டியது போல் வரும். கூர்மையான ஒலி நெடுந்தூரம் போய்த் தொல்லை தருவதால், தமிழ்நாட்டில் விநாயகர் சதுர்த்தி போன்ற விழாக்களுக்குக் காவல்துறை விதிக்கும் நிபந்தனைகளில் "கூம்பு வடிவம் கூடாது, பெட்டி வடிவம் மட்டுமே" என்பது வழக்கமான ஒன்றாகிவிட்டது.

பெட்டி என்பது 12 அல்லது 15 அங்குல ஸ்பீக்கரும், அதன் மேலே உயர் ஒலிக்கென ஒரு சிறு கூம்பும் சேர்ந்தது. பேச்சு, பாட்டு, வீணை, வயலின் எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும். சப்-ஊஃபர் வேறு சாதி. பெரும்பாலும் 18 அங்குலம். சுமார் 40 முதல் 100 ஹெர்ட்ஸ் வரைதான் அதற்கு வேலை. அதனால் ஒரு சொல்லைக்கூட உச்சரிக்க முடியாது. "நாலு சப் போட்டிருக்கேன் சார், பேச்சு கணீரென்று கேட்கும்" என்று ஒருவர் சொன்னால் அவரை நம்ப வேண்டாம்.

அதிரும் ஜன்னலுக்கு விடை அலையின் நீளத்தில் இருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்கிறது. எனவே 2,000 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஒரு சாண் அளவே. அதைச் சிறு கூம்பால் ஒரு திசையில் செலுத்தலாம். ஆனால் முன்னால் இருப்பவரின் தலையே அதை மறித்துவிடும். 50 ஹெர்ட்ஸ் அலையோ 7 மீட்டர் நீளம். ஒரு மீட்டர் கூட இல்லாத பெட்டியால் அதை எப்படித் திசை திருப்ப முடியும்? அது முன்னும் பின்னும் பக்கமும் சமமாகப் பரவும். தலைகளைச் சுற்றிப் போகும். மூடிய கதவையும் சுவரையும் தாண்டி உள்ளே நுழையும். பெரியவரின் காதுக்குச் சொல் போய்ச் சேராமல், அடுத்த கட்டடத்துக்குத் 'தும்... தும்...' மட்டும் போவது இப்படித்தான்.

தூரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். 97 டெசிபல் பெட்டிக்கு 100 வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 117. நான்கு மீட்டரில் இருக்கும் முதல் வரிசைக்கு 105. 32 மீட்டரில் கடைசி வரிசைக்கு 87. முதல் வரிசைக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்ள, ஆபரேட்டர் 20 டெசிபல் குறைப்பார். கடைசி வரிசைக்கு மிஞ்சுவது 67. அது கூட்டத்தின் சலசலப்போடு கரைந்துவிடும். வாட்டைக் கூட்டுவது இதற்கு மருந்தாகாது. இரண்டு மடங்கு வாட் போட்டால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். (பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் 'பி.எம்.பி.ஓ.' ஆயிரங்களைப் பொருட்படுத்தாதீர்கள், ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு என்று கேளுங்கள்.)

மருந்து வேறு. பெட்டிகளைத் தலைகளுக்கு மேலே உயர்த்தி, சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். மேடையிலிருந்து 20 மீட்டரில் இன்னொரு ஜோடிச் சிறு பெட்டிகளை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மேடைப் பெட்டியின் ஒலி அங்கு வந்து சேர 57 மில்லி விநாடி ஆகும். மிக்சரில் அந்த ஜோடிக்கு மட்டும் அதைவிடப் பத்து மில்லி விநாடி கூடுதலாகத் தாமதம் வைத்தால் எதிரொலிக் குழப்பம் இராது. குரல் மேடையிலிருந்தே வருவதாகக் காது நம்பிவிடும். இவ்வாறு பிரித்து வைத்தால் எல்லாப் பெட்டியும் தணிந்து ஒலித்தாலே போதும்.

தணிந்து ஒலிப்பது சட்டத்துக்கும் தேவை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிக்குமேல் 45. ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலமான அனுமதி வேண்டும். விழா நடக்கும் பொது இடத்தின் எல்லையில், அப்பகுதிக்கான அளவைவிடப் பத்து டெசிபல் வரை கூடலாம். அதாவது குடியிருப்புப் பகுதியில் பகலில் 65.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இந்த அளவு, மனிதக் காதின் இயல்பை ஒட்டி அடிநாதத்தைக் குறைத்துக் காட்டும் 'ஏ' அளவுகோலில் எடுக்கப்படுவது. 50 ஹெர்ட்ஸில் அது சுமார் 30 டெசிபலைக் கழித்துவிடும். மீட்டர் 60 என்று காட்டும்போது அங்கே 90 டெசிபல் அடிநாதம் இருக்கக்கூடும்! "மீட்டர் சரியாகத்தானே இருக்கிறது" என்று நாம் வாதாடிக்கொண்டிருப்போம். எதிர்வீட்டு நோயாளி தூக்கமின்றிப் புரண்டுகொண்டிருப்பார். மராட்டியத்தில் இத்தகைய பெட்டிச் சுவர்களை மக்கள் 'டால்பி' என்றே அழைக்கிறார்கள். டால்பி நிறுவனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது வேறு விஷயம். 2018 செப்டம்பரில், கணபதி கரைப்பு ஊர்வலங்களில் டி.ஜே., டால்பி ஒலி அமைப்புகளை அனுமதிக்க மும்பை உயர் நீதிமன்றம் மறுத்தது.

அப்படியானால் சப்-ஊஃபரே வேண்டாமா? பட்டிமன்றம், குறள் ஒப்புவித்தல், கவியரங்கம், பாராட்டு விழா ஆகியவற்றுக்கு வேண்டவே வேண்டாம். பரதநாட்டியத்துக்கு 15 அங்குலப் பெட்டியே மிருதங்கத்தை நன்றாகக் கொண்டுவரும். மெல்லிசைக் கச்சேரி என்றால் சப் இல்லாமல் இளைஞர்கள் விடமாட்டார்கள். அதில் நியாயமும் இருக்கிறது, பேஸ் கிட்டார் இல்லாத சினிமாப் பாட்டு பாதிப் பாட்டுதான். ஆனால் மேடையின் இரு கோடியிலும் ஒவ்வொன்றாக வைக்கும் வழக்கத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். அவ்வாறு வைத்தால் நடுவில் இரண்டும் கூடி இடிக்கும். பக்கங்களில் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இரண்டையும் மேடைக்கு முன் நடுவில் தரையில் ஒட்டிவைத்தால் ஒன்றைவிட 6 டெசிபல் அதிகம் கிடைக்கும்; கூட்டம் முழுவதும் ஒரே சீராகவும் இருக்கும். பேசும் மைக்குகள் எதுவும் சப்புக்குப் போகக்கூடாது. மிக்சரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் காற்றின் இரைச்சலும் மைக்கைத் தட்டும் 'டம்'மும் அடங்கும்.

ஜனவரி இரவில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே வெதுவெதுப்பாக இருக்கும்போது, மேலே போக வேண்டிய ஒலி வளைந்து கீழே இறங்கும். பிற்பகல் நான்கு மணிக்குச் சரிபார்த்த அளவு இரவு ஒன்பது மணிக்கு இன்னும் தூரம் போகும். ஆகவே இருட்டியபின் ஒருமுறை, குழுவில் ஒருவர் எதிர்க் கட்டடத்து மூன்றாம் மாடிக்கு ஏறிப்போய் நின்று கேட்கட்டும். அங்கே 'தும் தும்' கேட்டால் கீழே போன் செய்து சப்பை மட்டும் குறைக்கச் சொல்லலாம். மேடையில் பாடுபவர் குரல் அதனால் கொஞ்சமும் குறையாது.