தட்டில் ஓர் அரச மரம்

(இரண்டாம் ஆண்டு, மின்னியல் துறை)



மரம் என்றால் வானளாவ வளரத்தான் வேண்டுமா? முழ உயரத்தில், ஒரு தட்டுக்குள், வயதான மரம்போல் நிற்க வைக்கும் கலைக்குப் போன்சாய் என்று பெயர். ஜப்பானிய மொழியில் 'போன்' என்றால் தட்டு, 'சாய்' என்றால் நடுதல். சீனாவில் பிறந்து ஜப்பானில் செழித்த கலை இது. 1923-ல் டோக்கியோவைப் பூகம்பம் தாக்கிய பின், அங்கிருந்த போன்சாய் வளர்ப்போர் சிலர் 1925-ல் ஓமியா என்ற இடத்தில் இதற்கென்றே ஒரு கிராமம் அமைத்தார்கள். நான் பழகியதும் ஒரு கிராமத்தில்தான். சேர்வராயன் மலையிலுள்ள மாரமங்கலம் என் ஊர்.

நான் செய்த தவறு

பத்தாம் வகுப்பு முடித்த லீவில் ஒரு புத்தகம் கிடைத்தது. 'இலையுதிர் மரங்களை வசந்த காலத்தில் தட்டுக்கு மாற்ற வேண்டும்' என்று அதில் இருந்தது. இளவேனில் என்றால் சித்திரை, வைகாசி என்று தமிழ் வகுப்பில் படித்திருந்தேன். எனவே சித்திரையில், தண்ணீர்த் தொட்டிச் சுவரில் முளைத்திருந்த அரசங்கன்றைப் பிடுங்கி, வேரைக் கத்தரித்துத் தட்டில் நட்டேன். பத்தே நாளில் தளதளவென்றிருந்த இலையெல்லாம் கருகி, கன்று செத்துப்போனது.

என் அப்பா பள்ளிக்கூடம் போகாதவர். காப்பித் தோட்டத்தில் கவாத்து வேலை செய்பவர். பட்டுப்போன கன்றைப் பார்த்துவிட்டு, "எல முழுசா வந்தப்புறம் வேர வெட்டினா அது எதால தண்ணி குடிக்கும்? காப்பிக்கு எப்பக் கவாத்து எடுக்கறோம்? பழம் எடுத்து முடிச்சு, மழைக்கு முன்னாடிதானே?" என்றார்.

காரணம் என்ன?

ஜப்பானில் குளிரால் இலை உதிர்கிறது. அங்கே வசந்தம் மார்ச்சில் தொடங்கும். நம் மலையில் தை, மாசி வறட்சியால் அரசு இலை உதிர்க்கிறது. உதிர்க்கும் முன் உணவைத் தண்டிலும் வேரிலும் சேமித்துக்கொள்கிறது. இலை இல்லாதபோது நீர் ஆவியாவது மிகக் குறைவு. அதனால் வேர் கொஞ்சம் குறைந்தாலும் மரம் தாங்கும். நுனிக் குருத்து வீங்கும்போது சேமித்த உணவு மேலே ஏறி, புது வேரும் புது இலையும் வருகின்றன. அந்தச் சில நாட்கள்தான் தட்டு மாற்றும் காலம். நம் ஊரில் அது பெரும்பாலும் மாசி, பங்குனி. நானோ சித்திரை வரை காத்திருந்தேன்!

செய்முறை

1. சுவர், கிணற்று மேடு இவற்றில் முளைத்த கன்றை எடுக்கலாம். காட்டிலிருந்து பிடுங்கக் கூடாது.
2. செம்மண், ஆற்று மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவு கலந்து சலிக்கவும். மாவுபோன்ற தூசியை நீக்கிவிடவும். அது தண்ணீரைத் தேக்கி வேரை அழுக வைக்கும்.
3. தட்டின் துளைகளைக் கம்பி வலையால் மூடவும்.
4. வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம்.
5. மூங்கில் குச்சியால் குத்தி, வேர்களுக்கிடையே மண்ணை இறக்கவும். காற்று இடைவெளி இருந்தால் வேர் காய்ந்துவிடும்.
6. மூன்று வாரம் நிழலில் வைக்கவும். புது இலை முற்றும் வரை உரம் கூடாது.
7. கிளையை வளைக்கச் செம்புக் கம்பியைச் சூடாக்கி ஆறவைத்துச் சுற்றலாம். சூடாக்கினால் செம்பு மென்மையாகும் என்பது நம் ஒர்க்‌ஷாப் பாடம்தானே! கிளையில் கம்பி பதியும் முன் வெட்டி எடுத்துவிட வேண்டும்.

பூ வேண்டுமா?

எதில் பூக்கிறது என்று முதலில் பாருங்கள். காப்பி போன வருடக் கிளையில் பூக்கும். மாசி, பங்குனியில் பெய்யும் பூ மழைக்குப் பிறகு பத்து நாளுக்குள் மலை முழுக்க வெள்ளையாகும். அதற்கு முன்பு அந்தக் கிளைகளை வெட்டினால் அந்த வருடப் பூ போச்சு! காகிதப்பூவோ புதுத் தளிரில் பூக்கும். அதை முதலில் நன்றாகக் கத்தரித்து, தளிர் வந்தபின் தண்ணீரைக் குறைத்தால் நிறையப் பூக்கும். இன்னொன்று: பழகப் பழக இலை சிறுக்கும், பூ சிறுக்காது. எனவே சின்னப் பூ உள்ள செடியே தட்டுக்கு அழகு.

முடிவுரை

அடுத்த மாசியில் அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு அரசங்கன்றை நட்டேன். அது இன்றும் இருக்கிறது. தண்டு கட்டைவிரல் தடிமன். புத்தகம் படிக்கத் தெரிந்த எனக்கு மரத்தைப் படிக்கத் தெரியவில்லை. அதைச் சொல்லித் தந்தவர், கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைப்பவர்.

நான் இப்போது ஹாஸ்டலில். மரம் அப்பாவின் பொறுப்பில். போன வாரம் போன் செய்தார்: "குருத்து வீங்கிருச்சு. எப்ப வர்றே?"

நண்பர்களே, நீங்களும் ஒரு கன்று வையுங்கள். காலண்டரைப் பார்க்காதீர்கள், குருத்தைப் பாருங்கள்!