எலிசாவில் ஐஜிஜி4-ஐத் தனியே பிடிப்பது எப்படி?

கேள்வி: யானைக்கால் நோய்க்கான ரத்தப் பரிசோதனையில் ஐஜிஜி4 ஆன்டிபாடியை மட்டும் தேடுவது ஏன்? அதை எப்படிப் பிரித்தறிகிறார்கள்?

பதில்: ஐஜிஜியின் நான்கு உள்வகைகளில் ரத்தத்தில் மிகக் குறைவாக இருப்பது இதுதான். ஆனால் இந்த நோயை உண்டாக்கும் ஃபைலேரியா புழு உடலில் உயிரோடிருந்தால் ஏகத்துக்கும் கூடிவிடும். அதனால் நல்ல தடயம்.

புழுவின் புரதம் பூசிய எலிசா குழியில் சீரத்தை விட்டுக் கழுவினால், நான்கு உள்வகைகளும் ஒட்டியிருக்கும். பிறகு, மனித ஐஜிஜி4-ஐ மட்டுமே பற்றும் சுண்டெலி ஆன்டிபாடியை விடுவார்கள். அதோடு பெராக்ஸிடேஸ் நொதி இணைக்கப்பட்டிருக்கும். மறுபடி கழுவி, அந்த நொதியால் நிறம் மாறும் டிஎம்பி கரைசலை விட்டால் நீலம் தெரியும்; அமிலம் சேர்த்ததும் மஞ்சளாகும். 450 நானோமீட்டரில் அளப்பார்கள்.

இந்த இரண்டாம் ஆன்டிபாடியின் தரத்தில்தான் எல்லாமே இருக்கிறது. அளவில் பல மடங்கு அதிகமான ஐஜிஜி1-ஐ அது லேசாகத் தொட்டாலும் முடிவு பொய்த்துவிடும். சுத்திகரித்த நான்கு உள்வகைகளையும் தனித்தனிக் குழிகளில் வைத்துச் சோதிக்காமல் அதைப் பயன்படுத்தவே கூடாது.