நீர்மக் கிளட்சும் அதன் பழுதும்

மோட்டார் வண்டியின் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையிலேயே அதன் சுழற்சி கியர்ப்பெட்டிக்குச் செல்லாவண்ணம் சிறிதுநேரம் பிரித்துவைத்து, பின்னர் மெல்லச் சேர்த்துவிடும் உறுப்பே கிளட்சு எனப்படும். காலால் பெடலை மிதிக்குங்கால் வில்லின் அழுத்தம் நீங்கித் தகடு விடுபடுகின்றது. மிதியின் விசையை அவ்வில்வரை கொண்டுசெல்லுதற்கு இருவகை ஏற்பாடுகள் உள. 1983-ஆம் ஆண்டு வெளிவந்த மாருதி 800 போன்ற சிறுவண்டிகளில் கேபிள் என்னும் இழுகம்பியே அவ்வேலையைச் செய்தது. வேறு பல வண்டிகளில் கம்பிக்குப் பதிலாகக் குழாயும் அதனுள் அடைபட்ட திரவமும் அமைந்துள்ளன. இப்பின்னதைக் குறித்தே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

புகுந்ததற்குக் காரணமும் உண்டு. திருச்சிராப்பள்ளியினின்றும் மணப்பாறை வழியாகத் திண்டுக்கல் செல்லும் பெருவழியில் வையம்பட்டி உளது. அவ்வூரில் எமது வண்டி ஒருநாள் பின்கியருக்கு வாராது கரகரவென்று ஒலித்தது. வந்து பார்த்த மெக்கானிக் ஒருவர், கியர்ப்பெட்டியை இறக்கிக் கிளட்சுத் தகட்டையே மாற்றவேண்டும் என்று தீர்ப்புக் கூறிச் சென்றார். முடிவில் பழுதுற்றிருந்ததோ கட்டைவிரல் அகலமேயுள்ள ரப்பர் வாஷர் ஒன்று! பௌதிக வகுப்பிலே மாணவர் யாவரும் கற்கும் விதியொன்றை நினைவிற் கொண்டால் இத்தகைய வீண்செலவு பெரும்பாலும் நேராது.

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தே கொடுத்த அமுக்கம் எல்லாத் திசையிலும் குறையாது பரவும் என்பது பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் (1623–1662) கண்ட விதி. அதனைக்கொண்டே 1795-இல் இங்கிலாந்தில் பிராமா என்பார் நீரழுத்தப் பொறிக்கு உரிமை பெற்றார். நமது கிளட்சும் அப்பொறியின் சிறு பேரன் எனலாம். பெடலின் அருகே மாஸ்டர் சிலிண்டர். கியர்ப்பெட்டியின் பக்கத்தே ஸ்லேவ் சிலிண்டர். இரண்டையும் இணைப்பது ஒரு குழாய். முன்னதன் உள்விட்டம் 16 மில்லிமீட்டர், பின்னதன் உள்விட்டம் 20 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். பரப்புகளின் வீதம் 256-க்கு 400. பெடலானது ஐந்து மடங்கு நெம்புகோலாயின், காலின் 10 கிலோ விசை மாஸ்டரில் 50 கிலோவாகி, ஸ்லேவில் ஏறத்தாழ 78 கிலோவாக வெளிப்படும். விசையிற் பெற்றதைத் தூரத்தில் இழக்கவேண்டுமன்றோ? பெடல் 150 மில்லிமீட்டர் இறங்கினால் ஸ்லேவின் தண்டு 19 மில்லிமீட்டரே நகரும்.

இந்தச் சிறுதூரத்திலேதான் நோயின் மூலம் இருக்கின்றது. முழுமிதியிலும் குழாய்க்குள் தள்ளப்படும் திரவம் 6 கனசெண்டிமீட்டர் மாத்திரமே. திரவம் சுருங்காது, காற்றோ சுருங்கும். மேற்சொன்ன விசையில் அமுக்கம் சதுரசெண்டிமீட்டருக்கு ஏறக்குறைய 25 கிலோ. அவ்வமுக்கத்தில் காற்று இருபத்தைந்தில் ஒரு பங்காய்ச் சுருங்கிவிடும். ஆகவே 2 கனசெண்டிமீட்டர் காற்று உட்புகுந்தாலும் மிதியில் மூன்றிலொரு பங்கு வீணாகும். 19 மில்லிமீட்டர் நகரவேண்டிய தண்டு 13 மில்லிமீட்டரோடு நின்றுவிடும். தகடு முற்றும் விடுபடாது, கியர் கடிக்கும்.

பழுதைக் கண்டறியும் வகையை இனிக் கூறுவோம். எஞ்சினை நிறுத்திவைத்தபோது கியர் எளிதில் விழுந்து, ஓடும்போது விழ மறுத்தால், கிளட்சு விடுபடவில்லை என்பது தெளிவு. எஞ்சின் உறுமியும் வண்டி வேகங்கொள்ளாதாயின் அது வேறு நோய், தகடு வழுக்குகின்றது. முன்னதாயின், பெடலை நான்கைந்து முறை விரைந்து மிதித்துப் பின் கியரிட்டுப் பார்க்க. அப்போது விழுமாயின் குற்றம் திரவப்பாதையிலேயே உளது. தகட்டின்மேற் பழிபோடுதல் தகாது. எமது வண்டி இச்சோதனையிலேயே உண்மையைச் சொல்லிவிட்டது.

அடுத்து, மிதித்தபடியே காலை வைத்திருக்க, பெடல் தானே மெல்ல அமிழுமாயின், வெளியே கசிவும் இல்லையாயின், மாஸ்டர் சிலிண்டரின் வாஷர் தேய்ந்து திரவத்தைப் பின்னோக்கி விடுகின்றது. பெடலின் மேற்புறத் தண்டில் ஈரம் தோன்றினாலும் குற்றம் அதனதே. ஸ்லேவின் ரப்பர் உறையை விலக்கிப் பார்க்கையில் உள்ளே ஈரமிருந்தால் அதன் வாஷரே காரணம். ஒருவர் மிதிக்க மற்றொருவர் அளவுகோலால் தண்டின் நகர்ச்சியை அளப்பதும் நன்று. நகர்ச்சி முழுதும் இருந்தும் கியர் கடித்தால், அப்போதுதான் கியர்ப்பெட்டியை இறக்கும் பேச்சுக்கு இடமுண்டு. சில வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டரே கியர்ப்பெட்டிக்கு உள்ளே அமைந்திருக்கும். அவற்றை வீட்டில் தொடற்க.

ஒன்றை அழுத்தமாகச் சொல்லவேண்டும். பல வண்டிகளில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் திரவக்கிண்ணம் ஒன்றே. அத்தகைய வண்டியில் கிளட்சு கசிந்தால் கிண்ணத்தின் மட்டம் தாழும். பிரேக்குக்கெனச் சிறிது எஞ்சும்படி கிளட்சின் துளையை உயரத்தில் வைத்திருப்பர் எனினும், அதனை நம்பித் திண்டுக்கல் சாலையில் லாரிகளின் நடுவே செல்வது பேதைமை. கசிவு கண்டவுடன் வண்டியை நிறுத்திவிடுதலே முறை.

ஸ்லேவைப் பழுதுபார்க்க, வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கல்லிடுக. ஜாக்கியை மாத்திரம் நம்பி அடியிற் புகற்க. சிலிண்டரைக் கழற்றித் துணியாற் சுற்றி, சைக்கிள் பம்பினால் மெல்லக் காற்றடித்தால் உள்ளிருக்கும் பிஸ்டன் வெளிவரும். உட்சுவரை வெளிச்சத்திற் பிடித்து நகத்தால் தடவுக. நகம் தட்டும் அளவுக்குத் துரு அரித்திருப்பின் சிலிண்டரையே மாற்றவேண்டும். வழுவழுப்பாயிருப்பின் புதிய வாஷர் போதும். கழுவுதற்குப் பெட்ரோலும் மண்ணெண்ணெயும் உதவா. அவை இவ்வகை ரப்பரை ஊதச்செய்யும். எஞ்சின் எண்ணெயும் அத்தகையதே. புதிய பிரேக் ஆயிலே கழுவவும் பூசவும் ஏற்றது. வாஷரின் விளிம்பு திரவத்தை நோக்கி நிற்கவேண்டும். மாறிப்போட்டால் அனைத்தும் வீண்.

இனி ஏர் எடுத்தல். ஸ்லேவின் நிப்பிளில் கண்ணாடிபோன்ற ரப்பர்க்குழாய் ஒன்றைச் செருகி, மறுமுனையைச் சிறிது பிரேக் ஆயில் ஊற்றிய சீசாவில் அமிழ்த்துக. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் தளர்த்துக, குமிழிகள் வெளிவரும். நிப்பிளை மூடிய பின்னரே பெடலை விடவேண்டும். முந்தினால் காற்று மீண்டும் உட்புகும். முதலிற் பெடல் தானே எழாது, கையால் தூக்குக. கிண்ணம் வற்றவிடாது ஊற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும். எமக்கு இருபது மிதிகளுக்குமேல் ஆயின. அதன்பின் குமிழி நின்று பெடல் கெட்டிப்பட்டது.

சீசாவில் விழுந்த ஆயிலை மீண்டும் ஊற்றலாகாது. இவ்வாயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டாட் 3 வகையின் கொதிநிலை புதிதாயிருக்கையில் குறைந்தது 205 டிகிரி. ஈரமேறியபின் 140 டிகிரிவரை இறங்கிவிடலாம். சிலிண்டரைத் துரு அரிப்பதும் அவ்வீரத்தாலேயே. எந்த வகை ஊற்றவேண்டும் என்பது கிண்ணத்தின் மூடியிலேயே பெரும்பாலும் பொறித்திருக்கும். வண்டியின் வண்ணப்பூச்சின்மேல் ஒரு துளி சிந்தினாலும் பூச்சு உரியும். துணியால் தேய்க்காது உடனே நிறைய நீர்விட்டுக் கழுவுக.