கடைக் கணிப்பொறிக்கு வயர்லெஸ் அடாப்டர்

நம் மண்ணரைப் பக்கம் கல்லா கீழே, மோடம் மாடியிலே என்றிருக்கும் கடைகளில் இணையம் அறுந்தால் இ-வே பில் எடுக்க முடியாது. சரக்கேற்றிய வண்டி வாசலிலேயே நிற்கும். இதற்கு விலையுயர்ந்த அடாப்டர் தேவையில்லை. பில் போட நமக்கு வேண்டியது வேகமல்ல, அறாத தொடர்பே.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டும்; ஆனால் அக்கம்பக்கத்து வைஃபைகளின் நெரிசல் அதில்தான் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவருக்குச் சுவர் தேயும். ஆகவே இரண்டும் உள்ள 'டூயல் பேண்ட்' யுஎஸ்பி அடாப்டரையே வாங்கலாம். பெட்டியில் உள்ள 600 என்பது 150-ஐயும் 433-ஐயும் கூட்டி, மேலே தூக்கிப் போட்ட கணக்கு. தராசு பிடிக்கும் நமக்கா தெரியாது!

நகமளவு உள்ளதைவிட ஆன்டெனா உள்ளது மேல். கணிப்பொறியின் பின்புறம் செருகினால் இரும்புப் பெட்டி அலையை மறைக்கும். யுஎஸ்பி நீட்டிப்பு வயர் போட்டு மேசைமேல் வையுங்கள். பழைய விண்டோஸ் என்றால், அதற்கு டிரைவர் உண்டா என்று கேட்டபின் பணம் கொடுங்கள். மாடியிலிருந்து கேபிள் இழுக்க வழியிருந்தால் அடாப்டரே வேண்டாம்.